விலை கேட்கும் முன் வரலாறு கேளுங்கள்!

1984-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் என்ற ஊரில் உள்ள அணு ஆராய்ச்சிக் கூடத்தின் வழியாக ஒரு லாரி போயிற்று. லாரியில் இருந்தவை வீடு கட்டும் இரும்புக் கம்பிகள்.

திடீர் என்று அபாய அறிவிப்புக் கருவி எச்சரித்தது. கம்பிகளில் இருந்து கதிர்வீச்சு வெளிப்பட்டது!

வெறும் கம்பிக்குள் கதிர்வீச்சு எப்படி வந்தது? அதிகாரிகள் தேடிக் கொண்டே போனார்கள். மெக்சிகோ நாட்டில், சியுடாட் ஹுவாரெஸ் நகரில், ஒரு ஆஸ்பத்திரிக் கிடங்கில் போய் அந்தத் தேடல் நின்றது.

கிடங்கில் கிடந்த எமன்

1977-ல் அந்த ஆஸ்பத்திரி, புற்றுநோய்ச் சிகிச்சைக்கான பழைய எந்திரம் ஒன்றை வாங்கியது. அரசாங்க அனுமதி பெறவில்லை. அதை இயக்கத் தகுந்த ஆளும் இல்லை. 6 ஆண்டுகள் எந்திரம் சும்மா கிடந்தது. 1983 டிசம்பரில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

அதன் வயிற்றில் கடுகு அளவில் சுமார் 6 ஆயிரம் கோபால்ட் மணிகள் இருந்தன. அவை சிதறிப் பழைய இரும்போடு கலந்தன, உலையில் உருகின. கட்டிடக் கம்பிகளாகவும் மேஜைக் கால்களாகவும் மாறின!

நம் நாட்டிலும் இப்படி நடந்தது. 2010-ல் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் கூடத்தின் பழைய கருவி ஏலத்தில் விற்கப்பட்டு, டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தைக்கு வந்தது. அதிலும் கோபால்ட்! பலர் பாதிக்கப்பட்டனர். ஒருவர் இறந்தார்.

தொழில் நல்லதே

பழைய மருத்துவக் கருவிகளை வாங்கி விற்பது தவறான தொழில் அல்ல. புதிய கருவி வாங்க வசதி இல்லாத சிறு ஆஸ்பத்திரிகளுக்கு அது பேருதவி. ஆனால், மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவது இல்லை. உயிர் காக்கும் கருவியை மட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

முதலில், கருவி யாரிடம் இருந்தது, ஏன் விற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெயர்த் தகடும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா? பழுது பார்த்த விவரம் எழுதி வைத்து இருக்கிறார்களா? தகடு சுரண்டப்பட்டு இருந்தால், அதைத் தொடவே கூடாது. உதிரி பாகம் கிடைக்காத கருவி, இலவசமாக வந்தாலும் நஷ்டமே.

அடுத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் எந்திரத்தை எடுத்துக் கொள்வோம். 2021-ல் கொரோனாவின்போது பல வீடுகளில் வாங்கினார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவிகிதம். நல்ல எந்திரம் 90 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கும். நெடுநாள் சும்மா கிடந்தால், ஈரம் புகுந்து உள்ளே உள்ள வடிகட்டும் மணிகள் கெட்டுப் போகலாம். அப்போதும் எந்திரம் ஓடும். குழாயில் காற்று வரும். அது ஆக்சிஜனா, வெறும் காற்றா? கையை வைத்துப் பார்த்தால் தெரியாது. அளக்கும் கருவியால்தான் தெரியும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை எந்திரத்தில் உள்ள மீட்டர் காட்டும்.

மூன்றாவது, சட்டம். எக்ஸ்ரே எந்திரத்தை இயக்க, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் எந்திரத்தை விற்பது குற்றம். கதிர்வீச்சுப் பொருள் உள்ள எந்திரமா என்று சந்தேகம் வந்தால், திறந்து பார்க்கக் கூடாது. வாரியத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

வாங்கிய விலைக்கு மேல் 4 காசு லாபம் வைப்பது வியாபாரியின் உரிமை. கருவியைச் சோதித்து, கண்ட குறைகளை எழுத்தில் கொடுப்பது அவரது கடமை. அப்படி எழுதிக் கொடுக்காதவரிடம் ஆஸ்பத்திரிகளும் குடும்பங்களும் வாங்கக் கூடாது.

படுக்கையில் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளி, "இந்த எந்திரம் எங்கே இருந்து வந்தது?" என்று கேட்க முடியாது. அவருக்காக அதை முன்பே கேட்டு இருக்க வேண்டியவர், வாங்கி விற்பவர்தான்.