சாம் ஜெல்: வாங்கினதைவிட வித்ததுதான் பாடம்

கையில ஒண்ணுமில்லாம வந்து கட்டடம் கட்டடமா வாங்கிக் குவிச்சவங்க கதைன்னா நமக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். கேட்டு முடிச்ச உடனே "நாமளும் லோன் போட்டு ஒரு கடை வாங்கிடலாமா?"ன்னு மனசு துடிக்கும். அப்படி ஒரு கதைதான் சாம் ஜெல். ஆனா அவர்கிட்ட நாம கத்துக்க வேண்டியது வேற விஷயம்னு நான் நினைக்கிறேன்.

அவருடைய பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். அப்பா தானிய வியாபாரி. 1939 ஆகஸ்ட்டில், ஜெர்மனி படையெடுக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, வீட்டையும் தொழிலையும் விட்டுட்டு குடும்பத்தோட கிளம்பிட்டார். லித்துவேனியா, சோவியத் நாடு, ஜப்பான்னு சுத்தி 1941-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தாங்க. அதே வருஷம் செப்டம்பரில் சிகாகோவில் சாம் பிறந்தார். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்"னு அந்த அப்பா உட்கார்ந்திருந்தா இந்தக் கதையே கிடையாது. நேரம் பார்த்து வெளியே வர்றதுங்கிற பாடம் அந்த வீட்டில் அப்பவே ஆரம்பிச்சிடுச்சு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாணவர்களுக்கான வாடகை வீடுகளைப் பராமரிக்கிற வேலையை எடுத்துக்கிட்டார். சட்டம் படிச்சும் வக்கீல் வேலையில் நிலைக்கல. 1970-களில் அளவுக்கு மீறிக் கட்டி, கடனில் சிக்கின கட்டடங்களைத் தேடிப் பிடிச்சு வாங்கினார். மத்தவங்க சரிவில் லாபம் பார்க்கிறவர்ங்கிற அர்த்தத்தில் 'கல்லறை மேல ஆடுபவர்'னு பட்டப்பெயரே வந்தது. அவருடைய கணக்கு ரொம்ப எளிமை: இதே கட்டடத்தை இன்னைக்குப் புதுசா கட்ட என்ன செலவாகுமோ, அதைவிடக் குறைஞ்ச விலைக்குக் கிடைச்சா மட்டும் வாங்கு.

இப்படிச் சேர்த்த ஆபீஸ் கட்டடங்களை ஈக்விட்டி ஆபீஸ் ப்ராப்பர்டீஸ்ங்கிற ரீட் நிறுவனமா 1997-ல் பங்குச்சந்தைக்குக் கொண்டு வந்தார். 2006 நவம்பரில் பிளாக்ஸ்டோன் ஒரு பங்குக்கு 48.50 டாலர் தர்றதா வந்தது. போட்டிக்கு வோர்னாடோ நிறுவனமும் குதிக்க, விலை 55.50 டாலர் வரை ஏறுச்சு. 2007 பிப்ரவரியில், கடனையும் சேர்த்து 39 பில்லியன் டாலருக்கு 500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் கைமாறின. பல வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொத்து. விலை சரியா வந்ததும் கொடுத்துட்டார்.

அடுத்து நடந்ததைப் பாருங்க. பிளாக்ஸ்டோன் அதில் பெரும்பகுதியைச் சூடு ஆறுறதுக்குள்ள வேற ஆட்களுக்கு வித்துடுச்சு. நியூயார்க்கில் ஹாரி மேக்லோ 7 கட்டடங்களைச் சுமார் 7 பில்லியன் டாலருக்கு வாங்கினார். அதில் அவர் சொந்தப் பணம் 50 மில்லியன்தான். 100 ரூபாய் சொத்துக்கு 1 ரூபாய்கூட இல்லை! மீதி எல்லாம் குறுகிய காலக் கடன். 2008-ல் கடனைத் திருப்பவும் முடியல, புதுக் கடனும் கிடைக்கல. கட்டடங்கள் கடன் கொடுத்தவங்க கைக்குப் போயிடுச்சு. கட்டடம் அதேதான். வாங்கின விலையும் கடன் அளவும்தான் ஆளைக் கவுத்தது.

ஜெல்லும் தெய்வம் கிடையாது. அதே 2007-ல் ட்ரிப்யூன் பத்திரிகை நிறுவனத்தை 8 பில்லியன் டாலருக்கு மேல் விலை வச்சு வாங்கினார். அவர் போட்டது 315 மில்லியன் டாலர். மீதி கடன். உரிமை ஊழியர்களின் பங்குத் திட்டத்தின் பேரில் இருந்தது. 2008 டிசம்பரில் நிறுவனம் திவாலானப்போ ஊழியர்கள் கணக்கில் இருந்த அந்தப் பங்குகளுக்கு மதிப்பில்லாம போச்சு. அவருக்கு அது பல முதலீடுகளில் ஒண்ணு. அங்க வேலை பார்த்தவங்களுக்கு அது பிழைப்பு. சாதனைக் கதை சொல்றவங்க இந்த அத்தியாயத்தை வேகமா தாண்டிடுவாங்க.

இன்னொரு விஷயமும் கதையில் வராது. அமெரிக்காவில் பெரிய கமர்ஷியல் கடன்கள் பெரும்பாலும் கட்டடத்தோட நிற்கும். கட்டடத்தை எடுத்துக்கலாம், பொதுவா கடன் வாங்கினவரோட மத்த சொத்தில் கை வைக்க முடியாது. நம்ம ஊர்ல நீங்க கடைக்கு வாங்குற லோன் அப்படி இல்லை. கடையை வித்தும் கடன் தீரலைன்னா மீதிக்கு நீங்கதான் பொறுப்பு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 80 லட்சத்துக்கு ஒரு கடை, மாச வாடகை 35 ஆயிரம்னு வைங்க. வருஷத்துக்கு 4.2 லட்சம், அதாவது 5.25 சதவீதம். லோன் வட்டி 10 சதவீதம்னா, கடனா வாங்குற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் வருஷம் 4.75 ரூபாய் உங்க பாக்கெட்டிலிருந்து போகுது. 6 மாசம் கடை காலியா கிடந்தா? நிலத்தோட விலை ஏறும்ங்கிற நம்பிக்கை ஒண்ணுதான் இதைத் தாங்கிப் பிடிக்குது.

கமர்ஷியல் சொத்து வேணும்னா ரீட் வழியா சின்னத் தொகையில் ஆரம்பிக்கலாம்ங்கிறது என் கருத்து. செபி விதிப்படி குறைஞ்சது 80 சதவீத சொத்து கட்டி முடிச்சு வாடகை வர்றதா இருக்கணும், விநியோகிக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தைப் பிரிச்சுக் கொடுக்கணும், கடன் சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதிலும் யூனிட் விலை இறங்கலாம், ஆபீஸ் காலியாகலாம். ஆனா வெளியே வர ஆள் தேடி அலைய வேண்டாம்.

2019-ல் நம்ம நாட்டின் முதல் ரீட்டா எம்பஸி பட்டியலானப்போ அதுக்குப் பின்னாடி நின்னதும் அதே பிளாக்ஸ்டோன்தான். 2023 கடைசியில் தன் பங்கு முழுசையும் வித்துட்டு வெளியே போயிடுச்சு. பெரிய ஆளுங்க சொத்து மேல பாசம் வைக்கிறதில்லை. நாம கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இதை யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை நாளில் விக்க முடியும்? பதில் இல்லைன்னா அட்வான்ஸ் பணம் பேங்க்லயே இருக்கட்டும்.