முதலில் கணக்கு, பிறகு ஜெனரேட்டர்

சென்னை, பெங்களூரு கம்பெனிகளின் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர்கள் இன்று சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஊர், கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றால் கரண்ட் பற்றியும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளம் புகுந்த பிறகு என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கலாம்?"

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் ஜெனரேட்டர் என்பது என் கருத்து. அதற்கு முன் ஒரு தாளில் வாட் அவர் கணக்குப் போட வேண்டும்.

இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள் கேரவனில் ஊர் சுற்றுபவர்கள். கேரவன் என்றதும் நமக்கு சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் குடும்பங்களே அதில் மாதக்கணக்கில் பயணம் செய்கின்றன. கேரளாவும் 2021-ல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. லைன் கரண்ட் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினால் பேட்டரியில் இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். அமெரிக்க முகாம்கள் பலவற்றில் இரவில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி கிடையாது. அதனால் பகலில் கொஞ்ச நேரம் ஓட்டி பேட்டரியை நிரப்பிவிட்டு, மற்ற நேரமெல்லாம் பேட்டரியில் சமாளிக்கிறார்கள். கல்வராயன் மலையில் வேனை நிறுத்தி இரவு தங்குபவருக்கும், புயலுக்குப் பின் இருட்டில் கிடக்கும் வீட்டுக்கும் இதே வழி பொருந்தும்.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். லேப்டாப் 50 வாட், இன்டர்நெட் மோடம் 12 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், இரண்டு எல்.இ.டி. பல்பு 18 வாட். மொத்தம் 110 வாட். லேப்டாப்புக்குப் பதில் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் (150 வாட்), பழைய ஃபேனும் (75 வாட்) என்றால் 255 வாட் ஆகிவிடும்.

பரவலாக விற்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் அவர். அதை முழுவதும் காலி செய்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். 60 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் கையில் வருவது சுமார் 850 வாட் அவர். முதல் வீட்டுக்கு இது ஏழரை மணி நேரம் வரும். இரண்டாவது வீட்டுக்கு 3 மணி நேரம் 20 நிமிடம்தான். அதுவும் குறையலாம். 150 ஆம்பியர் அவர் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது.

ஆக, பேட்டரியை மாற்றாமலே நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஜெனரேட்டருக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை ஃபேனுக்குச் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கம்ப்யூட்டரோடு வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸை நம்பி இருக்காதீர்கள். அதற்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. வெறும் 84 வாட் அவர். டெஸ்க்டாப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். ஃபைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்ய அது போதும். வேலை பார்க்கப் போதாது.

அப்படியானால் ஜெனரேட்டரே வேண்டாமா? இரண்டு மூன்று நாள் கரண்ட் வராது என்றால் வேண்டும்தான். ஆனால் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரை லேப்டாப்புக்காக நாள் முழுக்க ஓட்டுவது, ஒரு டம்ளர் தண்ணீருக்கு லாரியை வரவழைப்பது போல. சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தருவதற்காக எப்போதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். லோடு குறைவதற்கேற்ப பெட்ரோல் செலவு குறையாது. லோடுக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் இதில் பரவாயில்லை, விலைதான் அதிகம்.

இன்னொரு விஷயம். 15 ஆம்பியரில் சார்ஜ் ஆகும் வீட்டு இன்வெர்ட்டர் ஜெனரேட்டரிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 250 வாட்தான். 2 மணி நேரத்தில் 30 ஆம்பியர் அவர் ஏறும். அதற்காக மட்டும் ஓட்டினால் பெட்ரோல் தண்டம். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், செல்போன் சார்ஜ் எல்லா வேலையையும் அந்த 2 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், எத்தனை கே.வி.ஏ. என்பதை உங்கள் மோட்டாரை வைத்து எலக்ட்ரீஷியனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனி சொல்வது உயிர்க் கணக்கு. மழை என்று ஜெனரேட்டரை வராண்டாவிலோ மாடிப்படியின் கீழோ வைக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் தனி மறைப்பின் கீழ் வையுங்கள்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டர் கரண்டைச் சுவர் சாக்கெட்டில் ஏற்றவே கூடாது. அது மீட்டரைத் தாண்டி லைனுக்குப் போகும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து 230 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். அந்நேரம் கம்பத்தில் ஏறி நமக்காக லைனைச் சரி செய்துகொண்டிருப்பவர் மின் வாரிய ஊழியர். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைப்பதை நான் குற்றம் என்றே சொல்வேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்விட்சை நீங்களே ஆஃப் செய்துவிட்டு, 4 மணி நேரம் இன்வெர்ட்டரிலேயே வேலை பாருங்கள். எது எவ்வளவு இழுக்கிறது, எதை நிறுத்தினால் எவ்வளவு நேரம் கூடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் கடைக்குப் போவதாக இருந்தால் அந்தத் தாளோடு போங்கள்.