மேல்கை அறுவைக்கு முன் முழு உண்மை வேண்டும்: தூத்துக்குடி மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, மாவட்ட ஆட்சியர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், தனியார் மருத்துவமனை நிர்வாகங்கள்.

எடை வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் வயது ஏறியவர்களுக்கும் மேல்கைத் தோல் தொய்ந்து தொங்குகிறது. கடற்கரைப் புழுக்கத்தில் மடிப்பில் வேர்வை தங்கிப் புண்ணாவதும் உண்டு. மிகுதித் தோலை வெட்டித் தைக்கும் சிகிச்சைதான் ஆர்ம் லிஃப்ட். அதை விரும்புவோரை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பக அழகு அறுவையை இலவசமாகத் தொடங்கி, அழகுக்கான அறுவை ஏழைக்கும் உரியது என்று காட்டியது.

ஆனால் அழகுக்கான அறுவையும் அறுவையே. சென்னையில் 2016-இல் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் இறந்தார். 2024 ஏப்ரலில் பம்மலில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தார். ஆகவே கோருகிறோம்:

1. அறுவை செய்பவர் யார் என்று தெரிய வேண்டும். அவருடைய பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம், மயக்க மருந்து நிபுணரின் பெயர், மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படியான பதிவுச் சான்று ஆகியவற்றை வரவேற்பறையில் தமிழில் வைக்க வேண்டும். யூடியூப் பார்ப்பது பயிற்சியாகாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

2. தழும்பை மறைக்கக் கூடாது. அக்குளிலிருந்து முழங்கை வரை நீளும் தழும்பு மங்கும், முற்றிலும் மறையாது. சிலருக்குத் தடித்தும் எழும். நீர் கோத்தல், முன்கை மரத்துப்போதல், காலில் ரத்தக்கட்டு ஆகிய அபாயங்களைத் தமிழ்ப் படிவத்தில் எழுதி, குறைந்தது ஒரு வாரம் முன்பே தர வேண்டும். அறுவை நாள் காலையில் அவசரமாகக் கையெழுத்து வாங்கக் கூடாது.

3. ஏற்ற உடல்நிலை இல்லாதவருக்கு மறுப்புச் சொல்ல வேண்டும். எடை 6 மாதமாவது நிலையாக இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் உள்ளதா, புகைப்பதை 4 வாரம் முன்பே விட்டாரா, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கிறாரா, மார்பகப் புற்றுக்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டனவா என்று கேட்டறிவது கட்டாயமாக வேண்டும்.

4. அறை, மயக்க மருந்து, இறுக்க உறை, மறு அறுவை அனைத்துக்கும் சேர்த்த செலவை எழுத்தில் தர வேண்டும்.

5. அறுவைக்குப் பின் ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது. உப்பளத்தில் உப்புச் சுமக்கும் பெண்ணும், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவரும், மீன் கூடை தூக்குபவரும் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதைத் தொழிலைக் கேட்டே மருத்துவர் சொல்ல வேண்டும். அந்நாட்களுக்கு முதலாளிகள் கூலியுடன் விடுப்பளிக்க வேண்டும்.

6. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் மேல்கை அறுவைக்கான ஆலோசனை வேண்டும். ஓயாமல் புண்ணாகும் மடிப்புகளுக்கான அறுவையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

7. வீடு திரும்பியவர் எந்நேரமும் அழைக்க ஒரு தொலைபேசி எண் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்கள் கைக்கு வர வேண்டும்.

எங்கள் பங்குக்கு, நோயையும் மாத்திரையையும் மறைக்கமாட்டோம். துணைக்கு ஆளில்லாமல் அறுவைக்குப் போகமாட்டோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை அளிக்கிறோம். 30 நாட்களுக்குள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.