மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த குடும்பத்தினர், நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் நாளில் எங்களிடம் பல கேள்விகள் கேட்பதுண்டு. அவற்றுள் ஒன்று அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது: "பூச்சிமருந்து அடித்த காய்கறி வேண்டாம் என்று நினைக்கிறோம். வீட்டிலேயே மீன் தொட்டி வைத்து, அந்த நீரில் கீரை வளர்த்து இவருக்குக் கொடுக்கலாமா?" அக்வாபோனிக்ஸ் எனப்படும் இம்முறைக்காகக் கடன் வாங்கவும் சிலர் முற்படுகின்றனர். ஆகவே எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம். வளர்க்கலாம், ஆனால் எல்லா வீட்டிற்கும் அது தேவையில்லை. எந்த வீட்டிலும் அது மாத்திரைக்கு மாற்றாகாது.

நீரையும் மீனையும் பயிரையும் சேர்த்து எண்ணுவது நம் பகுதிக்குப் புதிதன்று. பாகூர் ஏரியில் மீன் வளர்ந்தது. அதே ஏரி நீர் பாய்ந்து வயலில் நெல் விளைந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிள்ளையார்குப்பம், சிவராந்தகம், கீழூர் ஆகிய சிற்றூர்களில் உயிரிக் கிராமத் திட்டத்தை நடத்தியபோது, மீன் வளர்ப்பும் காளான் வளர்ப்பும் எளிய குடும்பங்களுக்கு உரிய தொழில்களாக அதில் இடம்பெற்றன. அங்கும் கருவியை விடப் பயிற்சியும் கூட்டு உழைப்புமே முதன்மையாக இருந்தன.

இம்முறை இயங்கும் விதம் எளியது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. சல்லிக்கற்களில் குடியேறும் நுண்ணுயிரிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடியின் வேர் உறிஞ்சிக்கொள்ள, தூய்மையடைந்த நீர் மீண்டும் தொட்டிக்குத் திரும்புகிறது. நீரின் தேவை மண் சாகுபடியை விட மிகக் குறைவு. பூச்சிமருந்து தெளித்தால் மீன் செத்துவிடும் என்பதால், தெளிக்கும் எண்ணமே எழாது. இம்முறையின் உண்மையான நன்மை இதுவே என்போம்.

ஆயினும் 'இயற்கை விளைச்சல்' என்ற சொல்லை அளவோடு பயன்படுத்த வேண்டும். மீனுக்கு இடும் தீவனம் பெரும்பாலும் ஆலையில் செய்தது. மண்ணில்லா விளைச்சலுக்கு இயற்கை வேளாண்மைச் சான்று வழங்க அமெரிக்காவில் இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ மண்ணில் விளைந்ததையே ஏற்கிறது. இயற்கை என்னும் முத்திரையை நம்பி நீரிழிவு மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்துவதுதான் நாங்கள் அஞ்சும் பேராபத்து.

விளைச்சலின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நால்வர் உள்ள வீட்டிற்கு இது 1,600 கிராம் ஆகிறது. ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாள்தோறும் 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் இட வேண்டும் என்பது பொது விதி. மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அப்பாத்தி தரும் கீரையோ குடும்பத் தேவையில் ஒரு சிறு பகுதியே. எனவே மண் நன்றாக உள்ள கொல்லையில், சாணமும் இலைமக்கும் இட்டு அரைக்கீரையும் முருங்கையும் வளர்ப்பது எளிது, சிக்கனம். அத்தகைய வீட்டார் பம்பும் தொட்டியும் வாங்க வேண்டியதில்லை.

அவ்வாறெனில் யாருக்கு ஏற்றது? கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாகி, மண்ணில் கீரை பிடிக்காத வீட்டிற்கு ஏற்றது. மழைநீரைச் சேமித்துத் தொட்டியை நிரப்பலாம். கொல்லையில்லாத மாடி வீட்டிற்கும் ஏற்றது. குனிந்து களைபறிக்க இயலாத மூட்டுவலியுள்ளோரும் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரும் இதனால் பயன்பெறலாம். பாத்தியை இடுப்பளவு உயரத்தில் அமைத்துக்கொள்ளலாம் அல்லவா? காலையும் மாலையும் மீனுக்குத் தீவனம் இடும் பொறுப்பு தம்முடையது என்று உணரும் நோயாளிக்கு, அந்த நாளுக்கு ஓர் ஒழுங்கும் பொருளும் கிட்டுகின்றன.

சில எச்சரிக்கைகளை மறவாதிருக்க வேண்டுகிறோம். காலில் புண்ணுள்ள நீரிழிவு நோயாளிகளும், கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் தொட்டி நீரில் கைகால் நனைக்கலாகாது. அந்நீரிலுள்ள கிருமிகள் புண்வழியே உட்புகக்கூடும். தொட்டி கழுவும் வேலையைப் பிறர் செய்யட்டும். கீரையை நன்கு கழுவிச் சமைத்தே உண்ண வேண்டும். கோழி எச்சத்தைத் தொட்டியில் இடலாகாது. சிறுநீரக நோயாளிகள், பொட்டாசியம் மிகுந்த கீரைகளை எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டறிய வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குழந்தை விழாதபடியும் கொசு முட்டையிடாதபடியும் தொட்டிக்கு வலைமூடி தேவை. ஈரமான இடத்தில் இயங்கும் மின்பம்பிற்கு, கசிவைக் கண்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி கட்டாயம்.

இவற்றினும் பெரிதான ஒரு கேள்வி உண்டு: நோயாளி மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நாளில் தொட்டியை யார் பார்ப்பார்? பெரும்பாலான வீடுகளில் அவ்வேலை, மருந்து எடுத்துக் கொடுத்து, சமைத்து, இரவில் விழித்திருக்கும் பெண்ணின் தோளிலேயே ஏறுகிறது. பம்பு நின்றால் மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே உயிர்வளி குறைந்துவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் வீசியபோது இப்பகுதியில் மின்சாரம் பல நாட்கள் இல்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் இறந்த மீன்களை அள்ளும் வேலையும் அவளுக்கே வந்து சேரும். அவளைக் கேளாமல் எடுக்கப்படும் முடிவு நோயாளிக்கும் நலம் தராது. இதனை வீட்டு ஆண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறோம்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின்னரும் விருப்பம் இருந்தால், கடன் வாங்காமல் சிறிதாகத் தொடங்குங்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் பீப்பாய் போதும். ஆனால் இரசாயனம் வைத்திருந்த பீப்பாயாக இருக்கக் கூடாது. குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் திறந்து வைத்துப் பின் பயன்படுத்துங்கள். சல்லியில் வினிகரை ஊற்றிப் பாருங்கள்; நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு, அது நீரின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். நுண்ணுயிரிகள் பெருகுவதற்கு ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை மீன்களைக் குறைவாகவே விடுங்கள். எந்த மீனை வளர்க்கலாம் என்பதை மீன்வளத் துறையிடமும், பயிர் குறித்துக் குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திடமும் கேளுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது; மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டில் விளைந்த முதல் கீரைக் கட்டு நோயாளியின் தட்டில் இடம்பெறும் நாளில் நாங்களும் மகிழ்வோம். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அச்செய்தியைச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.