டீச்சருக்கு யார் பாடம் சொல்வது?

வருஷக் கடைசி என்றால் ஊருக்கெல்லாம் டிசம்பர். கணக்கு எழுதுகிறவர்களுக்கு மார்ச் 31. பஞ்சாங்கத்துக்குப் பங்குனி. பள்ளிக்கூடத்து டீச்சருக்கோ வருஷம் முழுப் பரீட்சையோடுதான் முடிகிறது. கடைசித் தாளையும் திருத்தி, மார்க்கை ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு வரும். அது முடிவதற்குள்ளேயே, "ஜூனில் மறுபடியும் இதே பாடம், இதே கரும்பலகையா?" என்று ஒரு மலைப்பும் வந்துவிடும். நம் வாசகிகளில் டீச்சர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். கடிதங்களின் கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடுகிறதே!

அப்படி ஒரு கடிதம் தம்மம்பட்டியிலிருந்து வந்திருக்கிறது. சேலம் ஜில்லாவில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே உள்ள ஊர். மரச் சிற்பத்துக்குப் பேர்போனது. பெரிய பெரிய வீடுகளின் வாசற்கதவிலும் பூஜை அறையிலும் இருக்கிற தசாவதாரமும் கஜலக்ஷ்மியும் பல சமயம் இந்த ஊர்ப் பட்டறையிலிருந்து போனவைதாம்.

கடிதம் எழுதியவர் பதினான்கு வருஷமாக ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறார். "என் வகுப்பில் ஒரு பையன். சிற்பப் பட்டறைக் குடும்பம். நோட்டு முழுக்க யாளி வரைந்து வைத்திருக்கிறான், பல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. ஆனால் நாலாம் வகுப்பு முடிந்தும் ஒரு வரியைச் சேர்த்துப் படிக்க வரவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கிணற்றில் தண்ணீர் வற்றின மாதிரி இருக்கிறது. புதிதாக என்ன செய்வது, எங்கே போய்க் கற்றுக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம், டீச்சர். தூங்குங்கள். வடாம் பிழிவதைக்கூட மற்றவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்.

அப்புறம் யோசிக்கலாம். தனக்குத் தெரிந்தது தீர்ந்து போயிற்று என்று தோன்றும்போது பிறர் வகுப்பைப் போய்ப் பார்ப்பது பழைய வழி. 1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தபோது அவருக்கு 69 வயது. ஓலைக் கொட்டகைகளில் நடந்த அந்தப் பயிற்சிக்கு இந்தியாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஏறக்குறைய 300 பேர் வந்து சேர்ந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவரை யுத்தம் 1946 வரை இங்கேயே நிறுத்திவிட்டது. கொடைக்கானலில் இருந்த வருஷங்களில் இலை, பூச்சி, கூழாங்கல் எல்லாம் அவருக்குப் பாட சாமான் ஆயின. சொல்லிக் கொடுக்க வந்தவரும் இங்கே கற்றுக்கொண்டார் என்பதை நான் ரசிக்கிறேன்.

நம் காலத்திலும் இது நடந்தது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக்குப் போய், அங்கே கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக வைத்த அட்டைகளை எடுத்துத் தாங்களே படிப்பதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து தாங்களும் அட்டை தயாரித்தார்கள். அதுதான் செயல்வழிக் கற்றல் என்று பேர் பெற்றுச் சில வருஷங்களில் மாநிலம் முழுவதும் பரவியது. இப்போது 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' வந்துவிட்டது. பழைய அட்டைகள் உங்கள் பள்ளி பீரோவின் அடித்தட்டில் கட்டுக் கட்டாக இருக்கலாம். எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள்.

கடையில் விற்கிற வழுவழுப்பான சார்ட்டுகளை மட்டும் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அவை சுவருக்கு அழகு, அவ்வளவுதான். அரவிந்த் குப்தா என்று ஒருவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும்தான்! மூன்று குச்சிகளை டியூப் துண்டால் இணைத்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நாலு குச்சியால் சதுரம் செய்தால் சாய்ந்துவிடும். கூரைக்கு ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்பது விரலுக்கே தெரிந்துவிடும். தம்மம்பட்டியில் இதற்கா பஞ்சம்? பட்டறை வாசலில் மரத்துண்டு, வீட்டில் புளியங்கொட்டை, காட்டில் மரவள்ளிக் குச்சி.

இனி அந்தப் பையன். அவனுக்காக நியூஜிலாந்து வரை போய் வருவோம். சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற டீச்சர் அங்கே மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர். இங்கிலீஷ்காரர்களின் பாட புஸ்தகம் அந்தக் குழந்தைகள் மனத்தில் ஒட்டவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் ஒவ்வொரு குழந்தையையும் பக்கத்தில் கூப்பிட்டு, "உனக்கு என்ன வார்த்தை வேண்டும்?" என்று கேட்டார். பேய் என்று ஒரு குழந்தை, அம்மா என்று இன்னொன்று. கேட்ட வார்த்தையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். மறுநாள் அடையாளம் தெரிந்தால் அட்டை குழந்தையுடையது. தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார். குற்றம் குழந்தை மேல் இல்லை. அது அவ்வளவாக வேண்டாத வார்த்தை, அவ்வளவுதான்! 1963-ல் 'டீச்சர்' என்ற பேரிலேயே இதைப் புஸ்தகமாக எழுதினார்.

உங்கள் பையனுக்கு வேண்டிய வார்த்தைகள் எவை என்று நான் ஊகிக்கிறேன்: யாளி, உளி, கொட்டாப்புளி, வாகை, தாத்தா. 'கொட்டாப்புளி'யைப் பாருங்கள். ஒற்றெழுத்து, கால், கொம்பு எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எந்தப் பாட புஸ்தகம் இதைக் கொடுக்கும்? அவன் வரைந்த யாளிக்குக் கீழே, அவன் வாயால் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பேச்சு வழக்கில் இருந்தாலும் திருத்தாதீர்கள். தான் சொன்னதைத் தானே படிப்பது சுலபம்; சொன்னது அவன்தானே! பத்துப் படம் சேர்ந்தால் தைத்துவிடுங்கள். அது அவனுடைய புஸ்தகம். அடுத்த வருஷம் அவன் வேறு டீச்சரிடம் போகிறான் என்றால், அந்தப் புஸ்தகத்தையும் கூடவே அனுப்புங்கள்.

லீவில் படிக்க எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன். பவநகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' ஒன்று. கதை சொல்லியே நாலாம் வகுப்பை வசப்படுத்துகிற வாத்தியாரின் கதை. மற்றது ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி எழுதிய 'டோட்டோ சான்'. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருந்த பள்ளி. அதன் தலைமை ஆசிரியர், புதிதாக வந்த சிறுமி பேசுவதை நாலு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டாராம். நான் படித்ததில் மிகவும் பொறாமைப்பட்ட இடம் அது. இரண்டும் தமிழில் வந்திருக்கின்றன. நூலகத்தில் கேளுங்கள், இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.

அட்டைக்கு என்ன செய்வது என்கிறீர்களா? காசே வேண்டாம். புதுச் சட்டை மடிப்புக்குள் ஜவுளிக்கடைக்காரர் வைக்கும் அட்டை கனமாக, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒன்றை நாலாக வெட்டலாம். சித்திரைக்குத் துணி எடுக்கிற வீடுகளில் இப்போதே சொல்லி வையுங்கள்.