நாற்றங்கால் இருக்க 'நர்சரி' எதற்கு?

நம் ஊர்ச் சாலைகளில் சற்றே நடந்து பாருங்கள். செடி விற்குமிடத்தில் 'நர்சரி' என்றொரு பலகை. அதற்கப்பால், மூன்று அகவைப் பிள்ளைகளை அடைத்து வைத்துள்ள கட்டடத்திலும் 'நர்சரி' என்றொரு பலகை. ஏன் என்று கேட்டால், "தமிழில் அதற்குச் சொல் ஏது?" என்கின்றனர். இல்லாதது சொல்லா, உணர்வா?

ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிற் பிறந்து, பிரஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் அது. 'நர்சு' என்பவள் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்தவள். அப் பிள்ளை வளர்ந்த அறை 'நர்சரி'. பின்னர் அச்சொல் செடி வளர்க்கும் நிலத்தைக் குறித்தது, பள்ளியைக் குறித்தது, மருத்துவமனையில் பிறந்த குழவிகளைக் கிடத்தும் அறையைக் குறித்தது. மீன்குஞ்சு வளரும் நீர்நிலை, விண்மீன் பிறக்கும் முகில், பனிச்சறுக்குப் பழகுவோர்க்குரிய தாழ்சரிவு, ஈரகவைக் குதிரைகளின் ஓட்டப்போட்டி என இன்னும் பரவிற்று.

இதில் ஆங்கிலேயர் மீது நமக்குக் காழ்ப்பில்லை. சேயையும் செடியையும் ஒப்ப நோக்குதல் மாந்த இயல்பு. செருமானியரும் மழலையர் பள்ளியைக் 'குழந்தைத் தோட்டம்' என்பர். மரக்கன்று வளர்க்குமிடத்தை 'மரப்பள்ளி' என்பர். ஆனால் இரண்டும் அவர்தம் சொந்தச் சொற்கள்! 1840-இல் பிரோபெல் சூட்டிய அந்தக் 'குழந்தைத் தோட்ட'த்தின் தலையெழுத்துகளைத்தாம் நாம் 'எல்.கே.ஜி.' என்று பொருளறியாது ஒப்பிக்கின்றோம்.

தமிழனோ இவ்வொப்புமையை நெடுங்காலம் முன்னரே கண்டவன். பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் இளமைப் பெயர்களை ஓரறிவுயிராகிய மரஞ்செடிகட்கும் உரியவாக்கியது தொல்காப்பிய மரபியல். எழுத்தறியா உழவனும் இன்றளவும் தென்னம்பிள்ளை என்கிறான், மாங்கன்று என்கிறான், பனைவடலி, நெல்நாற்று என்று பிரித்துச் சொல்கிறான். நாற்று வளருமிடம் நாற்றங்கால்; கன்றுகளை வளர்த்து விற்குமிடம் நாற்றுப்பண்ணை; மழலை பயிலுமிடம் மழலையர் பள்ளி. இவற்றுள் எது குறை?

'நர்சு' என்பதற்கு நேரான நம் சொல் செவிலி. அகப்பாட்டின் செவிலி அயலாள் அல்லள். தலைவியின் தோழியே செவிலி மகள் என்கிறது தொல்காப்பியம். அச் செவிலி பெற்றவள் மொழியிலேயே பிள்ளையைப் பேணினாள். இன்றைய 'நர்சரி'ச் செவிலியோ, "அம்மா" என்று மலரும் வாயை "மம்மி" என்று திருத்துகிறாள்.

தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-இல் வந்தது. அதுவும் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றது. நாத்திருந்தும் மழலைப் பருவம் அதன் எல்லைக்குப் புறம்பே கிடக்கின்றது. 2019-இல் அரசு தன் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 குழந்தை நடுவங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியபோதும் இட்ட பெயர் 'எல்.கே.ஜி., யு.கே.ஜி.'! வேலியே இவ்வாறெனின் பயிரை யார் காப்பது?

கன்றைப் பெயர்த்து நடும் தோட்டக்காரனைப் பாருங்கள். வேரைப் பற்றிய தாய்மண் உதிராமல் இரு கையாலும் ஏந்திச் செல்கிறான். மண் உதிர்ந்தால் கன்று வாடும் என்பதை அவன் அறிவான். செடிக்குத் தெரிந்து செய்யும் அந்நன்மையைப் பெற்ற பிள்ளைக்குச் செய்ய மறுக்கின்றோமே!

செடி வாங்கச் சென்றால் நாற்றுப்பண்ணை எங்கே என்று கேளுங்கள். பிள்ளையைச் சேர்க்கச் சென்றால் தமிழில் கற்பிக்கும் மழலையர் பள்ளி எங்கே என்று கேளுங்கள். கேட்பார் பெருகினால் பலகை மாறும். பலகையோடு நம் பிள்ளைகளின் நாவும் மீளும்!