பையனுக்கு இரண்டு முதலாளி

ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் பொதுவாக நான்கு வருடம். இரண்டு மூன்று ஆட்களோடு ஓடும் சின்ன கான்டிராக்டரின் கையில் ஆறு மாதத்துக்குத்தான் வேலை இருக்கும். நான்கு வருடப் பொறுப்புக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால் அவர் தயங்கத்தான் செய்வார்.

அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்வதற்காகவே வந்தவை 'குரூப் டிரெயினிங்' அமைப்புகள். 1980களில் நாடெங்கும் பரவின. சட்டப்படி பையனுக்கு முதலாளி இந்த அமைப்புதான். சம்பளம், விடுப்பு, ஓய்வுக்கால நிதி, விபத்துக் காப்பீடு, டேஃப் கல்லூரிப் படிப்புக்கான ஏற்பாடு எல்லாம் அதன் கணக்கு. வேலை கற்றுத்தரும் கான்டிராக்டர் இன்னொரு முதலாளி. அவர் அமைப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறார். அவரிடம் வேலை வற்றினால் பையனை வேறொருவரிடம் மாற்றிவிடுகிறார்கள். ஒப்பந்தம் முறிவதில்லை, கற்ற வருடமும் வீணாவதில்லை. ஒருவரிடம் வீட்டு வயரிங், அடுத்தவரிடம் தொழிற்சாலை வேலை என்று கையும் தேறுகிறது.

சிட்னியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்படிச் சேர்ந்தவன். வாரக் கடைசியில் செல்போனில் டைம் ஷீட்டை நிரப்புவான்; கான்டிராக்டர் சரிபார்த்து அனுப்பியதும் சம்பளம் அமைப்பிடமிருந்து வரும். அவனைப் பார்க்க அமைப்பின் கள அலுவலர் ஒருவர் வருவார். கான்டிராக்டரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, பையனைத் தனியே வேன் பக்கம் கூட்டிப்போவார். "பாதுகாப்பு பூட்ஸ் எங்கே தம்பி? டேஃபுக்கு அனுப்புகிறாரா? சுவிட்ச்போர்டு வேலை கற்றுத்தந்தாரா, இல்லை நாள் முழுக்கக் குழிதான் தோண்டுகிறாயா?" பதினேழு வயதுப் பையன் முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதை அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறான்.

இத்திட்டத்தின் உயிரே அந்தப் பத்து நிமிடம்தான் என்பேன். இந்நாட்டில் அப்ரண்டிஸாகச் சேர்வோரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் முடிக்காமலே விலகுகிறார்கள். குறைந்த சம்பளம் ஒரு காரணம். தளத்தில் ஏச்சும் கேலியும் இன்னொன்று. கேட்க ஆளிருந்தால் பலரை நிறுத்திவைத்திருக்கலாம்.

ஆனால் எல்லா அமைப்பும் ஒன்றல்ல. ஒரே அலுவலர் தலையில் ஏகப்பட்ட பையன்களைக் கட்டிவிட்டால் சந்திப்பு போன் விசாரிப்போடு முடிந்துபோகும். வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது திருப்பிவிடும் கூலியாளாகப் பையனை நடத்தும் கான்டிராக்டர்களும் உண்டு. கட்டுமானத் தொழில் மொத்தமாகப் படுத்துவிட்டால் அமைப்பும் மாற்றிடம் தேடித் தடுமாறும்.

நம் வீடுகளில் இன்னும் பல்கலைக்கழகம் தவிர வேறு பேச்சில்லை. பிள்ளைக்குக் கைவேலையில் நாட்டம் என்றால் தயவுசெய்து தடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அமைப்பிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு கள அலுவலர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? போன வருடம் இடம் போன பிள்ளைகளுக்கு அடுத்த இடம் கிடைக்க எத்தனை வாரம் ஆனது?